ஓ.பி.

ஆபீஸில் ஓ.பி. அடிப்பவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலையில் கண்ணாடிக் கூட்டையும் கர்ச்சீப்பையும் மேஜை மேல் அடையாளமாக வைத்துவிட்டு டீ குடிக்கக் கிளம்புவார். திரும்பி வந்து, கர்ச்சீப் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, லஞ்ச்சுக்குக் கிளம்புவார். (அவர் நீங்களாகவே கூட இருக்கலாம். நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.) ஓ.பி. என்பது எதன் சுருக்கம் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஒன்றும் நம்பும்படி இல்லை. ஆனால் அர்த்தத்தில் மட்டும் தமிழ்நாட்டில் இரண்டு கருத்து கிடையாது. வேலை செய்யாமல் சம்பளம் வாங்குவது.

அதனால்தான் நெய்வேலியில் ஒரு பெரியவர் என்னிடம், "தம்பி, நான் முப்பத்தோரு வருஷம் ஓ.பி.லதான் இருந்தேன்" என்று பெருமையாகச் சொன்னபோது பொசுக்கென்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

நெய்வேலிக்கு நான் போனது புத்தகக் கண்காட்சிக்காக. லிக்னைட் ஹாலில் 1990-களின் கடைசியிலிருந்து நடக்கிற கண்காட்சி. புத்தகம் வாங்கிக் கை வலித்தபின் நண்பர் ஒருவர் தன் சித்தப்பாவைப் பார்க்கக் கூட்டிப் போனார். சுரங்கத்தில் பிரம்மாண்டமான மண்வெட்டி இயந்திரத்தை ஓட்டி ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனால் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டுமில்லையா, இப்போது வடலூரில் சொந்த வீடு, முன்னால் ஒரு முருங்கை மரம். 'வட்டம்' நம்பரைச் சொல்லி விலாசம் சொன்ன காலத்தை இன்னமும் விடாமல், "நாங்க வட்டம் பதினெட்டுல இருந்தப்போ" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்.

அவர் சொன்ன ஓ.பி. வேறு. ஓவர்பர்டன். இதன் நடுவில் வருவது ஆங்கில 'பி' என்கிற இரண்டாவது எழுத்து. ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டில் வருவது பதினாறாவது எழுத்து. தமிழில் எல்லாம் ஒரே 'பி' என்பதால் மூன்று ஓ.பி.யும் சமாதானமாக வாழ்கின்றன.

சுரங்க பாஷையில் ஓவர்பர்டன் என்றால், நமக்கு வேண்டிய கனிமத்துக்கு மேலே படுத்திருக்கும் அத்தனையும். நெய்வேலியில் அந்தக் கனிமம் பழுப்பு நிலக்கரி, அதாவது லிக்னைட். அதன் தலைமேல் செம்மண், களிமண், மணல், கடலூர் மணற்கல் என்று ஐம்பதிலிருந்து நூறு மீட்டர் வரைக்கும் உட்கார்ந்திருக்கிறது. ஒரு டன் லிக்னைட் எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் இதை அப்புறப்படுத்த வேண்டும். எடைக்கணக்கில் தோராயமாகப் பத்து டன். பத்து இட்லிக்குப் பாத்திரம் கழுவி ஒரு இட்லி தின்பது மாதிரி.

1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். லிக்னைட் முதல்முறையாகக் கண்ணில் பட்டது 1961 ஆகஸ்ட்டில். நடுவில் இருந்த நாலு வருஷமும் ஓ.பி.தான். பெரியவர் சிரிக்காததன் நியாயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. நெய்வேலியில் நடப்பதிலேயே பெரிய வேலை அதுதான்.

வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டேன். தேர்ச் சக்கரம் மாதிரி ஒரு சக்கரம். அதன் விளிம்பு நெடுகிலும் பக்கெட்டுகள். பக்கெட் என்றதும் பாத்ரூமை நினைத்துவிடாதீர்கள். இங்கே இயந்திரங்களையே பக்கெட் கொள்ளளவை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள்: '350 லிட்டர்', '700 லிட்டர்', '1,400 லிட்டர்'. சக்கரம் சுற்றச்சுற்ற மண்ணைச் சுரண்டி பெல்ட்டில் கொட்டும். பெல்ட் கொண்டுபோய் ஸ்ப்ரெடர் என்ற இன்னொரு ராட்சசனிடம் கொடுக்கும். அது, லிக்னைட் எடுத்து முடித்த பள்ளத்தில் மண்ணை விசிறும். ராத்திரி பகல் கிடையாது. மணற்கல் வந்தால் பல் தேயும். வெடி வைத்து இளக்க வேண்டும். மழைக்காலத்தில் களிமண் பெல்ட்டில் அப்பிக்கொள்ளும். "ஐப்பசி மாசம் பெல்ட்ல ஒட்டுன களிமண்ணைச் சுரண்டிப் பாத்தவனுக்குத்தான் தெரியும் தம்பி, ஓ.பி.ன்னா என்னன்னு."

அன்றைக்கு ராத்திரி லாட்ஜில் படுத்துக்கொண்டு அந்த வார்த்தையைப் பிரித்துப் பார்த்தேன். ஓவர் என்றால் மேலே. பர்டன் என்றால் சுமை, பாரம். மேலே கிடக்கிற பாரம்.

யாருக்குப் பாரம்?

லிக்னைட்டுக்கா? அது கோடிக்கணக்கான வருஷமாக ஒரு புகாரும் சொன்னதில்லை. மேலே நெல்லும் முந்திரியும் பலாவும் போட்டவர்களுக்கு அது பாரமாக இருந்திருக்குமா? அவர்களுக்கு அதுதானே எல்லாம். பாரம் என்று நினைக்கிற ஒரே ஆசாமி, கீழே இருப்பதை எடுக்க வந்தவர். அவர் கண்ணில் பார்த்ததை, மண்ணின் சொந்தப் பெயர் மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

நம் ஊரில் உதவாக்கரையை எப்படித் திட்டுவோம்? 'பூமிக்குப் பாரம்.' பூமி சுமப்பது, மனுஷன் சுமை. திருவள்ளுவரும் பொறுமைக்கு உவமை தேடி, தன்னைத் தோண்டுகிறவனையே தாங்கி நிற்கும் நிலத்திடம்தான் போனார். சுரங்க ஆங்கிலத்தில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். மனுஷனுக்கு பூமி பாரம்!

ஆங்கிலத்தை மட்டும் திட்டுவது நியாயமில்லை. நெய்வேலியின் சக்கர இயந்திரங்களுக்குத் தாய்வீடு ஜெர்மனி. ஜெர்மன்காரர்கள் இதே மண்ணை 'அப்ரவும்' என்கிறார்கள். அப்புறப்படுத்த வேண்டியது, ஒழிக்க வேண்டியது என்று அர்த்தம். சாப்பிட்டு முடித்தபின் மேஜையைச் சுத்தம் செய்வதற்கும் இதே வினைச்சொல்தான். முதல் அனல்மின் நிலையத்தைக் கட்ட உதவிய சோவியத்காரர்களின் மொழியில் 'வ்ஸ்க்ரிஷா'. திறப்பது, மூடியை எடுப்பது என்ற வேரிலிருந்து வருவது. (அந்த மின் நிலையம் 1962-ல் ஓட ஆரம்பித்து 2020-ல் மூடப்பட்டது.) மூன்றில் எனக்குப் பிடித்தது ரஷ்யச் சொல். அதில் ஏச்சு இல்லை. செய்கிற வேலையை மட்டும் சொல்கிறது.

ஏச்சுப் பெயர் வைப்பதால் நஷ்டமும் வரும் என்பதற்கு ஜெர்மனியிலேயே ஒரு கதை இருக்கிறது. ஸ்டாஸ்ஃபுர்ட் என்ற ஊரில் 1850-களில் பாறை உப்புக்காகச் சுரங்கம் தோண்டினார்கள். உப்புக்கு மேலே கசப்பாக வேறு சில உப்புகள் வந்தன. சாப்பாட்டுக்கு ஆகாது. 'அப்ரவும் உப்பு' என்று பெயர் வைத்துத் தூக்கிப் போட்டார்கள். அதுதான் பொட்டாஷ்! அடால்ஃப் ஃபிராங்க் என்ற வேதியியல்காரர் அதன் அருமையைப் புரிந்துகொண்டு 1861-ல் அங்கே ஆலை போட்டார். ஒழிக்க வேண்டியது என்று பெயர் வாங்கிய சரக்கு, உலகம் முழுக்க வயலுக்கு உரமாகப் போனது.

நெய்வேலியிலும் இது நடக்காமல் இல்லை. ஆரம்ப காலத்திலேயே ஓ.பி.யில் கிடைத்த வெள்ளைக் களிமண்ணைக் கழுவி எடுக்க ஒரு ஆலை வைத்திருந்தார்கள். இப்போது அதே ஓ.பி.யிலிருந்து கட்டுமான மணல் பிரிக்கிறார்கள். ஆற்றுமணல் விற்கிற விலையில், இதைப் பாரம் என்று சொன்னால் எந்தக் கொத்தனாரும் நம்பமாட்டார்.

இதெல்லாம் லாப நஷ்டம். இந்த வார்த்தை இன்ஜினீயரிங் புத்தகத்திலேயே இன்னொரு அத்தியாயத்தில் வேறு வேஷத்தில் வருகிறது. சிவில் படித்த பக்கத்து வீட்டுப் பையனைக் கேளுங்கள். மண் இயக்கவியல் என்ற பாடத்தில் 'ஓவர்பர்டன் பிரஷர்' என்று ஒன்று சொல்வான். பூமிக்குள் ஓர் இடத்தில், மேலே உள்ள மண்ணின் எடையால் ஏற்படும் அழுத்தம். அங்கே அது வசவு இல்லை. கணக்கில் வருகிற ஒரு பலம். அது இருப்பதால்தான் கீழே இருப்பது கீழேயே இருக்கிறது. இரும்பு உலையில் 'பர்டன்' என்றால் இன்னும் விசேஷம். உலைக்குள் கொட்டுகிற தாதும் கரியும் சுண்ணாம்புக்கல்லும்தான் அங்கே பர்டன். அதாவது வேண்டிய சரக்கே அதுதான்.

நெய்வேலியில் இந்த இரண்டு அத்தியாயமும் நேருக்கு நேர் மோதுகின்றன. லிக்னைட்டுக்கு அடியில் மணலுக்குள் ஒரு பெரிய நீர்த்தேக்கம். சும்மா தேங்கி நிற்கிற தண்ணீர் இல்லை. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டு மூன்றாவது மாடி ஓவர்ஹெட் டேங்க், கீழ்வீட்டுக் குழாயில் கொடுப்பது சுமார் ஒரு கிலோ. எழுபது மீட்டர் உயரத்தில் டேங்க் கட்டினால் வரும் வேகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டுப்புத்தகக் கணக்குப் போட்டேன். எண்பது மீட்டர் மண், கன மீட்டர் இரண்டு டன் என்று வைத்தால், சதுர சென்டிமீட்டருக்குப் பதினாறு கிலோ கீழ்நோக்கி. தண்ணீர் ஏழு கிலோ மேல்நோக்கி. மண் ஜெயிக்கிறது. இப்போது ஓ.பி. முழுவதையும் எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது பதினைந்து மீட்டர் லிக்னைட். அது தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். இரண்டு கிலோ கூடத் தேறாது. தண்ணீர் ஜெயிக்கும். சுரங்கத்தின் தரையே பொத்துக்கொண்டு மேலே வரும்.

அதனால்தான் நெய்வேலியில் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய் போட்டு, ராத்திரி பகலாகத் தண்ணீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இறைத்த தண்ணீர் மின் நிலையத்துக்கும் டவுன்ஷிப்புக்கும் போகிறது. வறட்சி வந்தால் சென்னைக்கும் வந்திருக்கிறது. (சென்னை வாசகர்களே, உங்கள் டம்ளருக்கும் இதில் பங்கு உண்டு.) பாரம் என்று பெயர் வைத்து இறக்கினார்களே, அந்தப் பாரம் சும்மா கிடக்கவில்லை. காற்றில் பறக்காமல் காகிதத்தின் மேல் வைக்கிற கல் மாதிரி, ஒரு கடலைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. கல்லை எடுத்த நாளிலிருந்து பம்ப்பை நிறுத்த முடியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணற்றுக்குத் துளை போட்டபோது, பீறிட்டு வந்த தண்ணீரோடு கறுப்பாகத் துண்டு துண்டாக ஏதோ வந்தது. அதுதான் நெய்வேலியின் ஆதி கதை. தண்ணீர் தேடினவருக்கு நிலக்கரி கிடைத்தது. நிலக்கரி தேடினவர்களுக்குத் தண்ணீர் எதிரியாகிவிட்டது.

நான் பி.காம். மண்ணைப் பற்றி இவ்வளவு எழுதியதே அதிகப்பிரசங்கம். ஆனால் கணக்குப் பதிவில் இந்த ஓ.பி. எங்கே உட்காருகிறது என்று தேடாமல் எப்படி இருப்பேன்? 'ஓவர்பர்டன்' என்பதைக் காஸ்ட் அக்கவுன்ட்டிங்கில் படித்த 'ஓவர்ஹெட்'டின் தங்கை என்று முதலில் நினைத்தேன். இல்லை. இதற்கென்றே 2011-ல் சர்வதேச அளவில் ஒரு விதி வந்தது. நம் இந்தியக் கணக்கியல் தரம் 16-லும் ஒரு பின்னிணைப்பாக இருக்கிறது. சாராம்சம் இதுதான்: இன்றைக்கு மேல்மண்ணை எடுத்ததால் நாளைக்குக் கனிமத்தை எடுப்பது சுலபமாகிறது என்றால், அந்த எடுப்புக் கூலியைச் செலவாக எழுதாதே, சொத்தாக எழுது.

சொத்து! நிலம் வாங்கிய விலை 'நிலம்' என்ற தலைப்பில் தனியாக இருக்கும், அதை மறுக்கவில்லை. தோண்டின கூலிக்கும் சொத்து என்று ஒரு வரி கிடைத்துவிட்டது. ஆனால் தோண்டப்பட்ட அந்த மண்ணுக்கு? அதில் எத்தனை அடி விளைகிற மண், எத்தனை அடி வெறும் கல், எல்லாம் ஒரே 'கன மீட்டர்'. கணக்கு விதியில் தப்பில்லை. அது கேட்பதே வேறு கேள்வி. ஆனால் ஒரு வார்த்தை எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டால், கணக்கெழுதுகிறவன் மூட்டையை ஏன் பிரிக்கப் போகிறான்?

சரி, தமிழில் நாம் என்ன செய்தோம்? இங்கேதான் எனக்கு உண்மையான சண்டை.

நல்லவேளையாக, ஓவர்பர்டனை அப்படியே உடைத்து 'மிகைச்சுமை' என்று ஆக்கி மண்ணின் மேல் யாரும் நிரந்தரமாக ஏற்றிவிடவில்லை. பத்திரிகையிலும் பேச்சிலும் வருவது 'மேல்மண்'. அழகான சொல்தான். மண்ணை மண் என்கிறது. யார் தலையிலும் பாரம் வைக்கவில்லை. முதலில் படித்தபோது, ஆங்கிலத்தை நாம் ஜெயித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலை மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் டீ குடிக்கும்போது, பக்கத்தில் இருந்த ஒரு விவசாயியிடம் சும்மா கேட்டேன்: "அண்ணே, மேல்மண்ணுன்னா எவ்வளவு?" அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்துக் காட்டினார். ஒரு சாண். "அவ்வளவுதான் சார். அதுலதான் சத்து. அதுக்குக் கீழ பயிருக்கு வேலை கிடையாது." இதே கேள்வியை நண்பரின் சித்தப்பாவிடம் முந்தின நாள் கேட்டிருந்தேன். அவர் வாசலில் இருந்த தென்னை மரத்தைக் காட்டி, "இது மாதிரி அஞ்சு மரத்தை ஒண்ணு மேல ஒண்ணா நிக்க வையுங்க" என்றார்.

இரண்டு பேரும் சரி. வேளாண் ஆபீசில் மேல்மண் என்றால் ஒரு சாண். சுரங்க ஆபீசில் மேல்மண் என்றால் அஞ்சு தென்னை மரம். ஒரே வார்த்தை! 

இது பண்டிதர்களின் அக்கப்போர் இல்லை. 2006-ன் சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, சுரங்கம் மாதிரியான திட்டத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்கும் முன், திட்டத்தின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் வைக்க வேண்டும். அந்தத் தமிழ்ச் சுருக்கத்தில் 'மேல்மண் அகற்றப்படும்' என்று ஒரு வரி இருந்தால், ஒரு சாண்காரர் அதை எப்படிப் படிப்பார்? ஏதோ மேலாக வழித்து எடுப்பார்கள் என்றுதானே? இன்னொரு வரியில் 'மேல்மண் தனியாகச் சேமித்து மீண்டும் பரப்பப்படும்' என்று இருந்தால், இது எந்த மேல்மண்? சாணா, தென்னை மரமா? ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. அங்கே டாப்சாயில் வேறு, ஓவர்பர்டன் வேறு. பெயரில் அவமரியாதை இருக்கலாம், ஆனால் அளவில் ஏமாற்றவில்லை. தமிழ் மரியாதையாகப் பேசி அளவை மறைத்துவிட்டது. இரண்டில் எது மோசம் என்று கேட்டால், எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. அவமரியாதைக்காவது கோபம் வரும்.

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில் நடந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய். நெற்பயிர் நிற்கும்போதே மண்வெட்டி இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல வருஷம் முன்பே எடுக்கப்பட்டது, பணமும் கொடுத்தாயிற்று, பயிர் வைக்காதீர்கள் என்றும் சொல்லியிருந்தோம் என்றது நிறுவனம். இத்தனை வருஷம் பொறுத்தவர்கள் அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்றார்கள் விவசாயிகள். சென்னை உயர் நீதிமன்றம் பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. இரண்டு பக்கமும் காகிதம் இருந்தது. ஒரு பக்கத்துக் காகிதத்தில் அந்த இடம் ஏற்கெனவே சுரங்கம். இன்னொரு பக்கத்துக்கு அது இன்னும் கதிர் வராத நெல். நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கரன்ட்டும் வேண்டும், சோறும் வேண்டும் என்கிற சாதாரண ஆசாமி நான். இந்தக் கட்டுரையை டைப் செய்கிற கம்ப்யூட்டரில் ஓடுவதில் நெய்வேலி கரன்ட் எவ்வளவு என்று யார் கண்டது! ஆனால் ஒரு சாணும் அஞ்சு தென்னை மரமும் பேச உட்காரும்போது, வார்த்தையாவது இரண்டாக இருக்க வேண்டாமா?

என் யோசனை சின்னது. விளைகிற அந்தச் சாணுக்கு மேல்மண் என்ற பெயரை விட்டுவிடலாம். அது விவசாயியின் சொத்து. லிக்னைட் வரைக்கும் உள்ள மொத்தத்துக்கும் 'மூடுமண்' என்று சொல்லலாம். மூடியிருப்பதால் மூடுமண். அதில் ஏச்சு இல்லை. தண்ணீரை அமுக்கி வைத்திருந்த வேலையும் அந்தப் பெயருக்குள் கொஞ்சம் இருக்கிறது. இதைவிட நல்லது உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள், மூடுமண்ணைத் தயங்காமல் தூக்கிப் போடுகிறேன்.

சென்னைக்குப் பஸ் ஏறும் முன் பெரியவருக்கு போன் செய்து இந்த மூடுமண்ணைச் சொன்னேன். சற்று நேரம் சத்தமில்லை.

"வச்சுக்கலாம் தம்பி. ஷிப்ட்ல யாரும் சொல்ல மாட்டாங்க. ஓ.பி.ன்னா ரெண்டு எழுத்து, மெஷின் சத்தத்துல கேக்கும்."

பிறகு அவராகவே ஒன்று சொன்னார். தோண்டி முடித்த பள்ளத்தை நிரப்பிய இடத்தில் மரம் வைத்திருக்கிறார்களாம், முந்திரியும் இருக்கிறதாம். ரிட்டயர் ஆகும் முன் ஒருநாள் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தாராம். "அது நான் ஓட்டுன சக்கரம் தோண்டுன மண்ணுதான். பெல்ட்ல போகும்போது எந்த ஊரு மண்ணுன்னு சொல்லிடுவேன், கலரை வச்சு. இப்போ மரம் நிக்குது, தெரியல."

அப்புறம், முருங்கைக்காய் நிறையக் காய்த்திருக்கிறது, அடுத்த தடவை வரும்போது பை கொண்டு வா என்றார்.